பின்கோடு ஒன்றுதான், குடிநீர் யாருக்கு?

ஊர்த்தெருவில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம், வெளியே நன்கொடை தந்த நிறுவனத்தின் பெயர்ப்பலகை. நாம் போயிருந்த அந்தக் கிராமத்தில் காலனிப் பெண்கள் அங்கே குடம் கொண்டுவருவதில்லை. ‘ஏச்சு வாங்கிக்கிட்டு யாரு தண்ணி பிடிக்கிறது?’ என்கிறார்கள். நிறுவனத்தின் அறிக்கையிலோ பயனாளிகள் ‘கிராம மக்கள்’.

2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பின்தங்கிய பிரிவினர் படும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதும் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள பணிதான்.

கணக்குக் காட்டுவது எப்படி? சிஎஸ்ஆர்-2 படிவத்தில் திட்டத்தின் பெயர், மாநிலம், மாவட்டம், தொகை. கட்டிடமோ இயந்திரமோ வாங்கியிருந்தால் முகவரியும் பின்கோடும். ஊருக்கும் காலனிக்கும் பின்கோடு ஒன்றுதானே! சொத்து யார் பெயரில் என்று கேட்கிறார்கள். யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்பதில்லை. வெளி அமைப்பை வைத்துப் பயனை மதிப்பிடும் விதி இருக்கிறது, ஆனால் ரூ.1 கோடிக்குக் குறைந்த திட்டங்களுக்கு அது கட்டாயமில்லை. தண்ணீர்க் கொட்டகைக்கு எங்கே வரப்போகிறது?

இயக்குநர் குழு ஒப்புதல் தந்த திட்டங்களை, இணையதளம் உள்ள நிறுவனம் அதில் வெளியிட்டாக வேண்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து அடுத்த கிராமசபையில் வைக்கப்போவதாகச் சொல்கிறார்கள் காலனி இளைஞர்கள். அவர்கள் கேட்பது கொட்டகையிலிருந்து காலனிக்கு ஒரு குழாய்.