மீயொலித் தொட்டியில் இசைத்தட்டுகளைத் தூய்மை செய்தல்

மீயொலித் தொட்டியில் இசைத்தட்டுகளைத் தூய்மை செய்தல் என்பது, மனிதக் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியலைகளை நீரில் செலுத்தி, தட்டின் வரிப்பள்ளங்களில் படிந்த அழுக்கை அகற்றும் முறையாகும். இதற்கென்றே தயாராகும் கருவிகள் விலை மிகுந்தவை. நகை, மூக்குக்கண்ணாடி, பல் மருத்துவக் கருவிகள் ஆகியவற்றைக் கழுவும் பொதுவான மீயொலித் தொட்டியுடன் மெதுவாகச் சுழலும் மோட்டாரையும் ஓர் அச்சுக் கம்பியையும் இணைத்து, இந்த அமைப்பை வீட்டிலேயே உருவாக்கலாம். இம்முறை வினைல் தட்டுகளுக்கு ஏற்றது. பழைய அரக்குத் தட்டுகளுக்கு ஏற்றதன்று. தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் இவ்விரு வகைகளும் ஒரே பெட்டியில் கலந்து கிடைப்பதால், தட்டின் வகையை அறிவதே முதல் வேலை.

வடசென்னைச் சூழல்

கொருக்குப்பேட்டை, சென்னை சென்ட்ரல் – கும்மிடிப்பூண்டி புறநகர் ரயில் தடத்தில் பேசின் பாலத்துக்கு அடுத்த நிலையமாகும். பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய இப்பகுதிக்கு ஒருபுறம் இராயபுரம், துறைமுகம், கடல். மறுபுறம் மணலி, எண்ணூர் தொழிற்சாலைகள். இங்குள்ள வீடுகளில் இருக்கும் இசைத்தட்டுகள் மூன்று வகையான பாதிப்புக்கு உள்ளாகின்றன.

முதலாவது தூசி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளப்பட்டதால் சுற்றுப்புற வீடுகளில் கரித்தூள் படிவதாக மக்கள் நெடுங்காலம் முறையிட்டு வந்தனர். 2011இல் நீதிமன்ற உத்தரவை அடுத்து அப்பணி நிறுத்தப்பட்டு எண்ணூர் பக்கம் மாறியது. அதற்கு முன் திறந்த அலமாரியில் இருந்த தட்டுகளில் இத்தகைய நுண்துகள்கள் ஊசியின் அழுத்தத்தால் பள்ளத்தில் இறுகியிருக்க வாய்ப்புண்டு. இரண்டாவது ஈரம். கடற்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் காகித உறையில் பூஞ்சணத்தை வளர்க்கின்றன. அது தட்டுக்கும் பரவுகிறது. மூன்றாவது வெள்ளம். 2015 திசம்பர் வெள்ளத்திலும், 2023 திசம்பரில் மிக்சாங் புயலின்போதும் வடசென்னையின் தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. 2023இல் மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த நீர் எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது.

தட்டுகளின் வரலாறும் இங்கே கருதத்தக்கது. பழைய நூல்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் பெயர்பெற்ற மூர் மார்க்கெட், கொருக்குப்பேட்டைக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், சென்ட்ரல் அருகில் இருந்தது. 1900இல் திறக்கப்பட்ட அச்சந்தை 1985 மே மாதத்தில் தீக்கிரையானது. திருமணத்துக்கும் ஆடி மாதக் கோயில் திருவிழாவுக்கும் பாட்டுப் போட்ட மைக்செட் கடைகளிலிருந்து கைமாறி வந்த தட்டுகளும் பல வீடுகளில் உள்ளன. இவை நூற்றுக்கணக்கான முறை ஓடியவை.

தட்டின் வகையை அறிதல்

அரக்குத் தட்டு: நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓடுவது. பெரும்பாலும் 25 சென்டிமீட்டர் விட்டமுடையது, கனமானது, கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும். அரக்கு, கல் தூள், கரிப்பொடி முதலியவற்றின் கலவையால் ஆனது. இந்தியாவில் கிராமபோன் நிறுவனம் 1908இல் கொல்கத்தாவின் சியால்தாவிலும், 1928இல் டம்டமிலும் தொழிற்சாலை அமைத்தது. தியாகராஜ பாகவதர், கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் புகழ்மிக்க காலத்துத் தட்டுகள் அரக்கால் ஆனவை. மேலை நாடுகளில் 78 சுற்றுத் தட்டு மறைந்த பிறகும், 1960களில் இந்தியாவில் அது தொடர்ந்து தயாரிக்கப்பட்டது. எனவே 1960களின் திரைப்பாடல் என்பதாலேயே அந்தத் தட்டு வினைல் என்று முடிவு செய்யக்கூடாது.

வினைல் தட்டு: அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948 சூனில் 33⅓ சுற்று எல்.பி. தட்டையும், ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949இல் 45 சுற்றுத் தட்டையும் அறிமுகப்படுத்தின. இவை பாலிவினைல் குளோரைடு சார்ந்த நெகிழியால் ஆனவை, எடை குறைவு, மெல்ல வளையும். தமிழ்த் திரைப்படங்களின் சிறிய இ.பி. தட்டுகளும், 1970கள், 1980களின் எல்.பி. தட்டுகளும் இவ்வகையைச் சேர்ந்தவை.

பூச்சுத் தட்டு: வானொலி நிலையங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் நேரடியாக வெட்டிப் பதிவு செய்யப்பட்டது. அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய பூச்சு இருக்கும். பல வேளைகளில் ஒரே ஒரு படிதான் உண்டு. இதை நீரிலோ தொட்டியிலோ இடவே கூடாது.

நடுவிலுள்ள வட்டத்தாளில் அச்சிட்ட வேகமே எளிய அடையாளம். 78 என்று இருந்தால் அரக்கு எனக் கொள்வதே பாதுகாப்பு. ஐயம் தீரவில்லையெனில் தொட்டியைத் தவிர்க்க வேண்டும்.

மீயொலி செயல்படும் விதம்

நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி மீயொலி எனப்படும். தொட்டியின் அடியில் ஒட்டப்பட்ட பீசோ மின் வில்லைகள், மின்சாரத்தை அதிர்வாக மாற்றுகின்றன. கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்த பீசோ மின் விளைவே இதன் அடிப்படை. சாதாரணத் தொட்டிகள் 40 கிலோஏர்ட்சில், அதாவது நொடிக்கு 40,000 முறை அதிர்கின்றன.

ஒவ்வோர் அதிர்விலும் நீரின் அழுத்தம் குறைந்து கூடுகிறது. குறையும்போது கண்ணுக்கெட்டாத குமிழ்கள் தோன்றுகின்றன. கூடும்போது அவை நொறுங்குகின்றன. நொறுங்கும் குமிழ்கள் நுண்ணிய நீர்த்தாரைகளை உண்டாக்கி, பரப்பில் ஒட்டிய துகள்களைப் பெயர்த்தெடுக்கின்றன. அதிர்வெண் கூடக் கூடக் குமிழ்கள் சிறியவையாகி, தாக்கமும் மென்மையாகிறது. எசுத்தோனியாவில் தயாராகும் டெகிரிட்டர் என்னும் கருவி 120 கிலோஏர்ட்சில் இயங்குவதற்கு இதுவே காரணம்.

எல்.பி. தட்டின் பள்ளம் ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமனுடையது. ஒரு பக்கத்திலுள்ள பள்ளத்தை நீட்டினால் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் வரும். துணியால் துடைக்கும்போது தூசி பள்ளத்துக்குள் தள்ளப்படுவதும் உண்டு. நீரும் குமிழும் பள்ளத்தின் அடிவரை செல்வதே இம்முறையின் சிறப்பு.

வீட்டு அமைப்பு

தேவையானவை: 6 லிட்டர் கொள்ளளவுள்ள 40 கிலோஏர்ட்சுத் தொட்டி, துருப்பிடிக்காத அச்சுக் கம்பி, வட்டத்தாளை மூடும் ரப்பர் வளையங்கள், மெதுவான மோட்டார், மீன்தொட்டிக்குரிய சிறு பம்பு, நுண்வடிகட்டி. மோட்டார் போன்ற பொருட்கள் ரிச்சி தெருவிலும், பம்பு வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரிலும் கிடைக்கும்.

தொட்டியின் உள்நீளம் 30 சென்டிமீட்டர் இருந்தால் போதுமா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எல்.பி. தட்டின் ஆரம் 15 செ.மீ.; வட்டத்தாளின் ஆரம் 5 செ.மீ. நீர்மட்டத்துக்கு 5.5 செ.மீ. மேலே அச்சை அமைத்தால் வட்டத்தாள் நனையாது, தட்டு 9.5 செ.மீ. ஆழம் மூழ்கும். பித்தாகரசு தேற்றப்படி 15இன் வர்க்கம் 225, 5.5இன் வர்க்கம் 30.25; வேறுபாடு 194.75. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 14. எனவே நீர்மட்டத்தில் தட்டின் அகலம் 28 செ.மீ. ஆகும். 30 செ.மீ. நீளமுள்ள தொட்டியில் அது இடிக்காமல் சுழலும்.

ஒரு சுற்றுக்கு 3 நிமிடமாவது ஆகும்படி வேகம் இருக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்புத் தட்டைச் சுழற்றும் மோட்டார் நிமிடத்துக்குப் பல முறை சுழல்வதால், பல்சக்கரம் கொண்டு அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும். தட்டுகளுக்கு இடையில் 2.5 செ.மீ. இடைவெளியாவது வேண்டும், நெருக்கினால் நடுவில் அலை வலுவிழக்கும்.

நீரும் கழுவுபொருளும்

கடலோர வடசென்னையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்திருப்பது நன்கு அறியப்பட்டது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தினால், உலர்ந்தபின் உப்பு பள்ளத்திலேயே தங்கிவிடும். அழுக்கை எடுத்துவிட்டு உப்பை இட்டதாகவே முடியும். ஆகவே காய்ச்சி வடித்த நீரே பயன்படுத்தத் தக்கது.

நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்க, ஒளிப்படச் சுருள் கழுவுவதற்கு உதவும் ஈரமாக்கும் திரவம் போன்ற அயனியற்ற கழுவுபொருளில் சில துளிகள் போதும். நுரை வருமளவு சேர்க்கக்கூடாது. பாத்திரம் கழுவும் திரவங்களில் உள்ள மணமும் நிறமும் தட்டில் படியும்.

செய்முறை

1. மென்தூரிகையால் மேல்தூசியை அகற்ற வேண்டும். பூஞ்சணம் இருந்தால் வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் அணிந்து செய்வது நல்லது.
2. நீரை நிரப்பி, தட்டு இல்லாமல் 10 நிமிடம் தொட்டியை இயக்க வேண்டும். நீரில் கரைந்துள்ள காற்று வெளியேறினால்தான் குமிழ்கள் வலுவுடன் நொறுங்கும்.
3. நீரின் வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது. அதிர்வே நீரைச் சூடாக்குவதால், சென்னைக் கோடையில் சூடேற்றியை இயக்கத் தேவையில்லை. இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும். சூட்டில் வினைல் நெளிந்துவிடும்.
4. தட்டைப் பொருத்தி, 10 முதல் 15 நிமிடம் சுழலவிட வேண்டும்.
5. கழுவுபொருள் சேர்க்காத வடித்த நீரில் மீண்டும் அலச வேண்டும். இதைத் தவிர்த்தால் கழுவுபொருளின் எச்சம் ஊசியில் ஒட்டும்.
6. செங்குத்தாக நிறுத்தி நிழலில் உலர்த்த வேண்டும், வெயில் கூடாது. முற்றிலும் உலர்ந்தபின் புதிய உறையில் இட வேண்டும். பழைய உறையில் இட்டால் பூஞ்சணம் திரும்பும்.

முதல் முயற்சியை மதிப்பில்லாத ஒரு தட்டில் செய்து பார்ப்பது நன்று. தொட்டி சரியாக இயங்குகிறதா என்பதை, சமையலறை அலுமினியத் தாளை அரை நிமிடம் நீரில் தொங்கவிட்டு அறியலாம். தாளில் சீராகப் புள்ளிக்குழிகள் விழுந்தால் அதிர்வு எல்லா இடத்திலும் பரவுகிறது என்று பொருள். சோதனைக்குப் பிறகு நீரை மாற்ற வேண்டும்.

அரக்குத் தட்டுகளும் சாராயப் பொருள்களும்

தூய்மைத் திரவத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்ககால் சேர்க்கும் வழக்கம் உண்டு. அரக்குத் தட்டுக்கு அது நஞ்சு. மரச்சாமான்களுக்கு ஆசாரிகள் பூசும் பாலிஷ், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வதுதான். தட்டிலும் அதே கரைதல் நிகழும். பள்ளத்தின் மேற்பரப்பு கரைந்தால் அதிலிருந்த குரல் திரும்பாது.

பழைய கொலம்பியா தட்டுகளில் சிலவற்றின் நடுவில் காகித அடுக்கு உண்டு. விரிசல் வழியே நீர் புகுந்தால் அது உப்பும். ஆகவே அரக்குத் தட்டை நீரில் ஊறவிடாமல், வட்டத்தாளை மூடி, வடித்த நீரில் நனைத்த மென்தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, உடனே உலர்த்த வேண்டும்.

பாதுகாப்பு

ஐசோபுரொப்பைல் ஆல்ககாலின் ஆவி சாதாரண அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடியது. சூடாகும் மின் தொட்டியில் அதைச் சேர்ப்பது, நெருக்கமான வீடுகள் கொண்ட பகுதிகளில் பெரும் ஆபத்து. வினைலுக்கும் அது தேவையில்லை. தொட்டி நில இணைப்புள்ள மூன்று முனைச் செருகியில் இயங்க வேண்டும். மின்கசிவு துண்டிப்பானும் இருக்க வேண்டும். இயங்கும்போது கையை நீரில் விடக்கூடாது. நீரை மாற்றும் முன் செருகியைக் கழற்ற வேண்டும். மாணவர்கள் பெரியவர் துணையுடனேயே செய்ய வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த தட்டுகள்

சேறு காயும் முன்பே உறையிலிருந்து எடுத்து, தூய நீரால் அலச வேண்டும். காய்ந்த மணல் துடைக்கும்போது பள்ளத்தைக் கீறும். சேற்றுத் தட்டை நேராகத் தொட்டியில் இட்டால் மணல் அடியில் தங்கி, நீரையும் கெடுக்கும். பாடல், படம், தட்டு எண் முதலிய விவரங்கள் அச்சிட்ட வட்டத்தாளையும் உறையையும் முதலில் ஒளிப்படம் எடுத்துக்கொள்வது நல்லது.

வரம்புகள்

இம்முறை தட்டின் மேல் வந்து சேர்ந்த பொருளை மட்டுமே அகற்றும். கீறல், ஊசியால் தேய்ந்த பள்ளம், பூஞ்சணம் அரித்த தழும்பு ஆகியவை மாறா. மைக்செட்டில் பல ஆண்டுகள் ஓடிய தட்டு, தூய்மையானபின் பின்னணி இரைச்சல் குறைந்து ஒலிக்கலாம். தேய்ந்த உச்சக்குரல் மீளாது.

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பள்ளம் சிறிதளவு தேய்கிறது. எனவே தூய்மை செய்தவுடன், நல்ல ஊசியில் முதல் முறை ஓட்டும்போதே எண்ணிமக் கோப்பாகப் பதிவு செய்துகொள்வது சிறந்தது. 78 சுற்றுத் தட்டுக்கு எல்.பி. ஊசியைப் பயன்படுத்தக்கூடாது, அதன் பள்ளம் அகலமானதால் தனி ஊசி வேண்டும். மூலப்பதிவு அழிந்துபோன பாடல்களுக்கு வீட்டுப் பெட்டியில் எஞ்சிய தட்டே கடைசிச் சான்றாக இருக்கக்கூடும். அத்தகைய தட்டைக் கழுவாமல் வைத்திருப்பதால் இழப்பு சிறிது. வகை அறியாமல் கழுவினால் இழப்பு முழுமையானது.