செங்குத்தாக வெட்டிய மண்ணும் முத்திரைத்தாளில் வாங்கும் கையெழுத்தும்

கொடைக்கானல் மலையில் கட்டட வேலை மண்வெட்டில் தொடங்குகிறது. சமவெளியில் வானம் தோண்டினால் போதும். இங்கே சரிவைக் குடைந்துதான் மனையே உண்டாக்க வேண்டியிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு அடி உயரத்துக்கு மண்ணைச் செங்குத்தாக அறுத்து நிறுத்திவிட்டு, அதன் அடியிலேயே தடுப்புச்சுவருக்குக் குழி பறிக்க ஆட்களை இறக்குவது இந்த மலையில் வழக்கமாகிவிட்டது. ஒரு கன மீட்டர் ஈரமண் ஏறத்தாழ 2 டன் எடை. மார்பளவு புதைந்தவர், தலை வெளியே இருந்தாலும், விலா விரியாமல் மூச்சடைத்து இறக்கக்கூடும்.

மழைக்காலத்தில்தான் மண் சரியும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. ஊட்டி லவ்டேலில் தடுப்புச்சுவருக்காக மண் தோண்டியபோது, அருகிலிருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் இடிந்து விழுந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்த நாள் 2024 பிப்ரவரி 7. வடகிழக்குப் பருவமழை அப்போது ஓய்ந்திருந்தது. பிடிமானம் போன மண்ணுக்கும் பழைய சுவருக்கும் மழை தேவையில்லை.

மண் முன்கூட்டியே சொல்லும். வெட்டின் மேல்விளிம்புக்குப் பின்னால் நீளவாக்கில் விரிசல் ஓடும். சிறு கற்கள் உதிரும். காய்ந்திருந்த முகத்தில் நீர் கசியும். மேலே நிற்கும் மரமோ வேலிக்கல்லோ சாயும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் முதல் வேலை ஆட்களை வெளியேற்றுவது. முட்டுக்கொடுக்கலாம் என்று கீழே இறங்கக்கூடாது. 1.5 மீட்டருக்கு மேல் ஆழமானால் வெட்டைச் சாய்வாக்க வேண்டும், அல்லது பலகையும் முட்டும் வைத்துத் தாங்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர், அல்லது குழி ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். மேல்விளிம்பில் பொக்லைன் ஓடும்போது கீழே யாரும் இருக்கக்கூடாது. முழு நீளத்தையும் ஒரே மூச்சில் அறுக்காமல், சிறு சிறு துண்டாக வெட்டி, அந்தத் துண்டுக்குச் சுவர் எழுப்பிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். சுவரில் நீர் வடியத் துளை விடாவிட்டால் சுவரே அடுத்த ஆபத்தாகும்.

சாரத்தில் நிகழும் விபத்துகளுக்கு அதன் கால்கள் நிற்கும் இடமும் ஒரு காரணம். சரிவில் ஒரு கால் மண்ணிலும் மறுகால் அடுக்கிய கல்லிலும் நிற்கும் சாரம், மழையில் மண் இளகியதும் சாயும். மூடுபனியில் நனைந்த கயிற்றுக் கட்டுகளைக் காலைதோறும் சோதிக்க வேண்டும். பாதுகாப்பு பெல்ட்டைச் சாரத்திலேயே மாட்டிக்கொண்டால் சாரத்தோடு சேர்ந்து விழ வேண்டியதுதான். உறுதியான தூணிலோ பீமிலோ மாட்ட வேண்டும். ஈரத்தரையில் இழுத்துவிட்ட கலவை மெஷின் வயருக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்பான் கட்டாயம்.

இரவுக் குளிர் தரும் ஆபத்து மலைக்கே உரியது. தகரக் கொட்டகையைச் சாத்திக்கொண்டு உள்ளே கரி நெருப்பு மூட்டித் தூங்குபவர்கள், மணமற்ற கார்பன் மோனாக்சைடால் விழிக்காமலே இறக்கிறார்கள். 2024இல் கொடைக்கானலில் விடுதி அறைக்குள் பார்பிக்யூ கரியை வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு சுற்றுலாப் பயணிகள் இப்படித்தான் இறந்தனர். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இதை அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும். கம்பளி தருவது மேஸ்திரியின் கடமை.

மலைப் பகுதிகளுக்கென 1990 முதல் தனிக் குழுமமும், 1993 முதல் தனிக் கட்டட விதிகளும் இருக்கின்றன. ஆயினும் ஆள் இறந்த பிறகே அனுமதி இருந்ததா என்று கோப்பைத் தேடுகிறார்கள். வெட்டு நடக்கும்போதே எழுத்தில் புகார் தர வேண்டும்: நகராட்சி எல்லைக்குள் ஆணையருக்கு, கிராமங்களில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, இரண்டிலும் நகல் கோட்டாட்சியருக்கு. தொழிலாளர் பாதுகாப்பு தொடர்பான புகார் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு. தேதியிட்ட படத்தை இணைத்து, ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும். வாய்ப்புகார் எந்தக் கோப்பிலும் ஏறாது.

விபத்துக்குப் பின் நடப்பது இன்னும் கொடுமை. அடக்கம் முடிவதற்குள் ஒரு தொகையை நீட்டி, 'இனி எந்த உரிமையும் கோரமாட்டோம்' என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கையெழுத்துப் போடக்கூடாது. போட்டுவிட்டாலும் உரிமை போகாது: இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம். இறப்புக்கான இழப்பீட்டை இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும் என்றதும் அச்சட்டமே. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்த அடிப்படையை மாற்றவில்லை. குடித்திருந்தார், ஹெல்மெட் போடவில்லை என்ற சாக்குகள் இறப்பிலும் முழு நிரந்தர ஊனத்திலும் எடுபடாது. மாதக் கூலிக்கான 15,000 ரூபாய் உச்சவரம்பில், 40 வயதுத் தொழிலாளி இறந்தால் கணக்கு: அதில் பாதி 7,500 பெருக்கல் வயதுக்குரிய காரணி 184.17, அதாவது 13,81,275 ரூபாய். முத்திரைத்தாளில் எழுதும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

காகிதங்கள் முதல் வாரத்திலேயே சேர வேண்டும். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டு நகல். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை. இறப்பாயின் பிரேதப் பரிசோதனை அறிக்கை. முதல் தகவல் அறிக்கையில் 'தவறி விழுந்து' என்று மட்டும் எழுதினால் விட்டுவிடக்கூடாது. எந்த இடத்தில், யாருடைய வேலையில், யார் மேஸ்திரி என்பது பதிவாக வேண்டும். கூலிக்கு ரசீது இராது. கூகுள் பே வரவு, மேஸ்திரியின் வருகைக் குறிப்பு, உடன் வேலைசெய்த இருவரின் வாக்குமூலம் உதவும். பொக்லைன் சம்பந்தப்பட்டால் அதன் பதிவெண்ணைக் குறிக்க வேண்டும், காப்பீடு அதன் வழியே வரும்.

இழப்பீட்டுக் கோரிக்கைக்குக் கெடு 2 ஆண்டு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் உதவி இழப்பீட்டுக்கு மேல் கூடுதலாகக் கிடைப்பது. ஒன்றைப் பெற்றால் மற்றது போய்விடும் என்று சொல்பவரை நம்பக்கூடாது. 18 முதல் 60 வயதுவரை வாரியத்தில் பதிவு செய்யலாம். நியமனதாரர் பெயரும் வங்கிக் கணக்கும் சரியாக இருக்கிறதா, புதுப்பித்தல் தவறியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்யாதவர் வேலையிடத்திலேயே விபத்தில் இறந்தாலும் வாரியத்தில் உதவி உண்டு. திண்டுக்கல்லில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான தொழிலாளர் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் சட்டப் பணிகள் குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும்; எண் 15100. இழப்பீட்டு மனுவைத் திண்டுக்கல் மாவட்டத்தில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. பிகாரிலோ ஒடிசாவிலோ இருக்கும் மனைவி, தான் வசிக்கும் பகுதியின் இழப்பீட்டு அதிகாரியிடமே அதைத் தாக்கல் செய்யலாம்.