மின்தடையில் கடல் வண்ணமீன்களைக் காப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை நேரம். கடலோரக் கிராமத்தில் நெல்லும் உளுந்தும் சாகுபடி செய்யும் விவசாயி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மண் பரிசோதனை விஷயமாக எனக்கு அறிமுகமானவர். உபதொழிலாக வீட்டுத் திண்ணையை ஒட்டிக் கொட்டகை போட்டு, கடல்நீர்த் தொட்டியில் 4 ஜோடி கோமாளி மீன்களை வளர்த்துவந்தார்.

“சார், ராத்திரி 9 மணிக்குக் கரன்ட் போச்சு. நானும் வீட்டுக்காரம்மாவும் விடிய விடியச் சொம்பால தண்ணி மொண்டு ஊத்துனோம். காலையில 6 மணிக்குக் கரன்ட் வந்தப்ப எல்லா மீனும் உசுரோட இருந்துச்சு. சுவிட்சைப் போட்டுட்டுப் படுத்தோம். 8 மணிக்கு எழுந்து பார்த்தா 3 ஜோடி செத்து மிதக்குது. ராத்திரி முழுக்கச் சாகாத மீன் கரன்ட் வந்த பிறகு ஏன் சார் செத்துச்சு?”

தொட்டியில் ஏதாவது நாற்றம் வந்ததா என்று கேட்டேன். “அழுகின முட்டை மாதிரி” என்றார். காரணம் விளங்கிவிட்டது. அந்த நாற்றத்தை நெல் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வடிகால் இல்லாத வயலில், நீர் தேங்கிய சேற்றைக் காலால் கிளறினால் எழுகிற அதே நாற்றம்தான் அது.

கோமாளி மீனில் ஒரு ஜோடியை இழப்பது சிறிய இழப்பு அல்ல. இம்மீன்கள் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் ஆதிக்கம் பெறும் மீன்தான் பெண்ணாக மாறும். ஜோடி சேர்ந்து முட்டையிடும் நிலைக்கு வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முட்டையிடத் தொடங்கிய ஜோடி மாதம் இரண்டு முறைகூட முட்டையிடும். ஒரு ஜோடி செத்தால் அதன் விலையோடு ஓராண்டு உழைப்பும் போய்விடுகிறது. மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தியில் அனுபவம் பெற்றவை. வளர்ப்பு முறைகளை அங்கே கற்றுக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை, மின்சாரம் போகும் நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியதைப் பற்றி மட்டும்.

கடல்நீரில் ஆக்சிஜன் குறைவு

28 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 6.4 மில்லிகிராம்தான் கரையும். அதாவது, கடல்நீர் மீன் தொடக்கத்திலேயே கையிருப்புக் குறைவான தண்ணீரில்தான் வாழ்கிறது. வெப்பம் கூடினால் இதுவும் குறையும். காற்றடிப்பு நின்றதும் மீன்கள் மட்டுமல்ல, வடிகட்டியில் உள்ள பாக்டீரியா, தரையில் கிடக்கும் மீதத் தீவனம், கழிவு எல்லாமே அந்த ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. இரவில் பாசியும் ஆக்சிஜனையே எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலை நேரம்தான் மிகவும் ஆபத்தானது.

தொட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது மீன்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 255 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதில் நான்கைந்து சிறு மீன்கள் இருந்தால் பல மணி நேரம் தாங்கும். குஞ்சுகளை நெருக்கமாக விட்டிருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே திணறத் தொடங்கும். எல்லா மீன்களும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடுவதும், செவுள் மூடி வேகமாக அடிப்பதும் எச்சரிக்கை. அதுவரை காத்திருக்கக் கூடாது.

மின்சாரம் போன முதல் அரை மணி நேரத்தில்

தீவனம் போடுவதை உடனே நிறுத்துங்கள். வளர்ந்த மீன்கள் இரண்டு, மூன்று நாள் தீவனம் இல்லாமல் இருந்தாலும் சாகாது. தின்ற மீன் கூடுதல் ஆக்சிஜனைக் கேட்கும், கழிவும் கூடும். “பாவம், பசிக்குமே” என்று போடுகிற ஒரு பிடி தீவனம்தான் பல தொட்டிகளைக் கெடுக்கிறது. பொரித்த சில நாளே ஆன குஞ்சுகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றுக்கு உயிர் உணவு தொடர்ந்து தேவை. எனவே மின்மாற்று வசதியை முதலில் குஞ்சுத் தொட்டிக்குக் கொடுங்கள்.

தொட்டியின் மூடியைத் திறந்துவிடுங்கள். ஆனால் மீன் துள்ளி வெளியே விழாதபடி மேலே வலை போடுங்கள். நீர்மட்டம் தொட்டியின் விளிம்புவரை இருந்தால் பரவாயில்லை. நீரின் மேற்பரப்பு அசைவதுதான் முக்கியம். காற்றுக் குமிழியில் உள்ள ஆக்சிஜன் கொஞ்சமே நேரடியாகக் கரைகிறது. குமிழிகள் தண்ணீரைக் கீழிருந்து மேலே தூக்கி வருவதால்தான் பெரும்பகுதி கரைகிறது.

கருவி எதுவும் இல்லையென்றால் சொம்பு போதும். 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை, தொட்டி நீரையே மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து 20, 30 தடவை ஊற்றுங்கள். தரையில் உள்ள கழிவு கலங்காமல் மேல்நீரை மட்டும் மொள்ளுங்கள். கையில் சோப்பு, எண்ணெய், பூச்சிமருந்து வாடை இருக்கக் கூடாது. வயலில் மருந்து தெளித்துவிட்டு வந்த கையோடு தொட்டியைத் தொடவே தொடாதீர்கள்.

இறால் குளங்களுக்கு விற்கப்படும் ஆக்சிஜன் மாத்திரையைச் சிறு தொட்டியில் போடுவதைத் தவிர்க்கவும். குளத்துக்கான அளவை 200 லிட்டருக்குச் சுருக்கும்போது கணக்கு சற்றே தவறினாலும் செவுள் கெட்டுவிடும்.

பேட்டரிக் கணக்கு

மின்தடைக்கு ஏற்ற மலிவான காப்பீடு, யூஎஸ்பி இணைப்பில் ஓடும் சிறிய ஏர் பம்ப். அது ஒன்று, ஒன்றரை வாட் மின்சாரமே எடுக்கும். செல்போனுக்கு வைத்திருக்கும் 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் பயன்படும் சக்தி சுமார் 30 வாட் மணி. ஒன்றரை வாட் பம்பை அதில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓட்டலாம். சில பவர் பேங்குகள், இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் தானாக அணைந்துவிடும். எனவே நல்ல நாளிலேயே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியில் உள்ள சக்தி 84 வாட் மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால் 42 வாட் மணி என்று கொள்வோம். 3 வாட் எடுக்கும் 12 வோல்ட் பம்பை அதில் நேரடியாக இணைத்தால் 14 மணி நேரம் ஓடும்.

வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஏஎச் பேட்டரி இருந்தால் 1,800 வாட் மணி. அதில் பாதி 900. 10 வாட் பம்ப் ஒன்றை மட்டும் இணைத்தாலும், இன்வெர்ட்டர் தனக்காக எடுப்பதையும் சேர்த்து 25 வாட் என்று கணக்கிடுங்கள். 36 மணி நேரம் கிடைக்கும். மின்விசிறியும் தொலைக்காட்சியும் அதே இன்வெர்ட்டரில் ஓடினால் இந்தக் கணக்கு பலிக்காது. பெரிய பம்ப், விளக்கு, குளிர்விப்பான் எதையும் அதில் சேர்க்காதீர்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்குத் தள்ளி வையுங்கள். மூடிய கொட்டகையில் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் நேரடியாகச் சொருகினால், கம்பத்தில் வேலை செய்யும் மின் ஊழியரின் உயிருக்கு ஆபத்து.

வடிகட்டி: உயிருள்ள மண்

இப்போது அந்த மூன்று ஜோடிகளுக்கு வருவோம். யூரியா இட்டால் மண்ணில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அது அம்மோனியாவாகி, பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாறுகிறது. மீன் தொட்டியின் வடிகட்டியிலும் அதே வேலைதான் நடக்கிறது. அந்த பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் கட்டாயம் தேவை. நீரோட்டம் நின்றதும், மூடிய டப்பா வடிவ வடிகட்டிக்குள் இருக்கும் கொஞ்ச ஆக்சிஜன் ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நல்ல பாக்டீரியா சாகத் தொடங்கும். உள்ளே சேர்ந்த கழிவு காற்றில்லாமல் அழுகும். கடல்நீரில் சல்பேட் அதிகம் என்பதால் ஹைட்ரஜன் சல்பைடு எளிதில் உருவாகும். மின்சாரம் வந்ததும் சுவிட்சைப் போட்டால், அந்த நஞ்சு மொத்தமும் தொட்டிக்குள் பாயும். அவர் வீட்டில் நடந்தது இதுதான்.

எனவே மின்தடை ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், டப்பா வடிகட்டியைக் கழற்றித் திறந்துவிடுங்கள். உள்ளே உள்ள பீங்கான் வளையங்களையும் பஞ்சையும் எடுத்து, தொட்டி நீர் நிரம்பிய அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, பேட்டரி பம்பின் ஒரு குழாயை அதில் விடலாம். அதுவும் முடியாவிட்டால், சொட்டச் சொட்ட நனைந்த நிலையில் காற்றுப் படும்படி வையுங்கள். ஈரமும் காற்றும் இருந்தால் பாக்டீரியா பிழைக்கும். குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. குளோரினும் நன்னீரும் அவற்றைக் கொன்றுவிடும். ஏர் பம்பால் ஓடும் பஞ்சு வடிகட்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. பேட்டரி பம்பை அதில் மாட்டினால் காற்றடிப்பும் வடிகட்டலும் ஒன்றாக நடக்கும். சிறு பண்ணைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

அம்மோனியாவும் வெப்பமும்

கடல்நீரின் பிஹெச் 8.2 அளவில் இருக்கும். பிஹெச் 7 உள்ள நன்னீரோடு ஒப்பிட்டால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாகச் செயல்படும் பகுதி சுமார் 10 மடங்கு அதிகம். இன்னொன்றும் உண்டு. காற்றடிப்பு நின்றதும் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்குவதால் நஞ்சு சற்று அடங்கியிருக்கும். காற்றடிப்பு திரும்பியதும் பிஹெச் ஏறி, நஞ்சும் கூடும். எனவே நீண்ட மின்தடை முடிந்ததும் முதல் வேலை, சேமித்து வைத்த கடல்நீரால் 20 முதல் 25 சதவீதம் தண்ணீரை மாற்றுவது.

குளிர் நாடுகளில் மின்சாரம் போனால் தொட்டி குளிர்ந்துவிடும் என்று போர்வை போர்த்தச் சொல்வார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்து இங்கே தொட்டியைப் போர்த்தாதீர்கள். நமக்குப் பிரச்சினை வெப்பம். விளக்கை அணைத்து, வெயில் படாமல் மறைத்து, காற்றோட்டத்துக்கு வழி செய்யுங்கள். 30 டிகிரியைத் தாண்டினால், மூடி இறுக்கிய ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டு மெதுவாகக் குறையுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாகப் போட்டால் உப்பின் அளவு மாறிவிடும்.

கடல் சாமந்தி வைத்திருந்தால் அதைக் கவனியுங்கள். அது செத்து உருகினால் தொட்டி நீர் முழுவதையும் கெடுத்துவிடும். தளர்ந்து நாறத் தொடங்கினால் உடனே அகற்றுங்கள். உயிர்ப் பவளத்தைத் தொட்டியில் வைக்கும் ஆசை வேண்டாம். கடலிலிருந்து பவளத்தை எடுப்பது 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மின்சாரம் வந்ததும்

மின்சாரம் திரும்பும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கும். அதனால் மின்தடையின்போதே எல்லா பிளக்குகளையும் கழற்றி வைத்து, வந்த 10 நிமிடம் கழித்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். முதலில் ஏர் பம்ப். அடுத்து தண்ணீர் மாற்றம். வடிகட்டிக்குள் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு, பஞ்சையும் வளையங்களையும் தொட்டியிலிருந்து எடுத்த கடல்நீரில் அலசி, பிறகே வடிகட்டியை ஓட்டுங்கள். விளக்கு கடைசி. மறுநாள் வழக்கமான தீவனத்தில் கால் பங்கு போதும். ஒரு வாரம் தினமும் அம்மோனியா பரிசோதனை செய்யுங்கள்.

புயலுக்கு முன்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது, டெல்டா கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அத்தகைய நாளுக்குச் சொம்பு போதாது. புயல் அறிவிப்பு வந்ததுமே தீவனத்தைக் குறைத்து, தொட்டியைச் சுத்தம் செய்து, பேட்டரிகளை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். விற்கும் அளவுக்கு வளர்ந்த மீன்களை விற்றுவிடுங்கள். மீன் குறைந்தால் ஆக்சிஜன் மிஞ்சும்.

தொட்டிக் கொள்ளளவில் பாதியளவு கடல்நீரையாவது மூடிய டிரம்மில் சேமியுங்கள். மழைக்குப் பின் கரையோரத்தில் எடுக்கும் நீர் கலங்கலாகவும் உப்புக் குறைந்தும் இருக்கும். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீர் விடுங்கள். உப்பு தொட்டியிலேயே தங்கியிருப்பதால் கடல்நீர் விடக் கூடாது. கூரை ஒழுகித் தொட்டியில் விழாமலும் பாருங்கள்.

ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். கீழே இருந்தால், பம்ப் நின்றதும் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி இறங்கி பம்பில் புகும். ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு இதைத் தடுக்கும். கீழ்த்தொட்டி அமைப்பு வைத்திருந்தால், நீர் திரும்பும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை இடுங்கள். மட்டம் இறங்கியதும் துளை வழியே காற்று புகுந்து, மேல்தொட்டி முழுவதும் கீழே வடியாமல் நிற்கும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எனவே கசிவு மின்தடுப்பான் இல்லாமல் இத்தொழிலைச் செய்யாதீர்கள்.

பயோஃப்ளாக் முறையில் மீன் வளர்ப்போருக்கு ஒரு வார்த்தை. அங்கே மீனோடு நுண்ணுயிர்த் திரளும் ஆக்சிஜனை எடுக்கும். நெருக்கமாக வளர்க்கும் தொட்டி ஒரு மணி நேரம் தாங்குவதே கடினம். மின்சாரம் போன நொடியில் தானாக மாறும் ஏற்பாடு இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

தொலைபேசியில் அழைத்த அந்த விவசாயி தொழிலை விடவில்லை. மிஞ்சிய ஒரு ஜோடியோடு மீண்டும் தொடங்கினார். அடுத்த முறை போனபோது கொட்டகையில் பஞ்சு வடிகட்டியும் பேட்டரி பம்பும் இருந்தன. சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் அவர் மனைவி கையால் எழுதி ஒட்டிய காகிதம் ஒன்றும் இருந்தது: “முதல்ல வடிகட்டியைத் திற. அப்புறம் சுவிட்சைப் போடு.” உங்கள் வீட்டிலும் எழுதி ஒட்டிவிடுங்கள். விடிய விடிய விழித்த கண்ணுக்கு அது நினைவிருக்காது.