காய்ந்த கிளையைப் பற்றிய விரல்கள்

புதருக்குள் ஒரு காய்ந்த கிளையைப் பழுப்பு நிற விரல்கள் இறுகப் பிடித்திருப்பதைக் கண்டால் நீங்கள் திடுக்கிடுவீர்கள். பயம் வேண்டாம், அது ஒரு பூஞ்சை. குடைக்காளானின் தூரத்து உறவுதான், ஆனால் தொப்பியும் தண்டும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்ன் நகரைச் சுற்றிய விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் இது காணப்பட்டுள்ளது. அங்கு இதனை ‘டீ-ட்ரீ ஃபிங்கர்ஸ்’ என்கிறார்கள். 2007இல் சூட்டிய அறிவியல் பெயர் ஹைப்போகிரியாப்சிஸ் ஆம்ப்ளெக்டென்ஸ். ‘தழுவுகின்ற’ என்பது பின்சொல்லின் பொருள்.

‘டீ-ட்ரீ’ என்றதும் தேயிலையை நினைத்துவிடாதீர்கள். இது கொய்யா, ஜம்பு, நாவல் ஆகியவற்றின் குடும்பம். சிங்கப்பூரின் கம்போங் கிளாமுக்குப் பெயர் தந்த கெலாம் மரமும் இக்குடும்பமே.

இந்தப் பூஞ்சை மரத்தைத் தின்பதாகத் தெரியவில்லை. காய்ந்த கிளையை முதலில் வேறொரு பூஞ்சை மட்கச் செய்கிறது. அந்தப் பூஞ்சையை ஒட்டுண்டே நம் ‘விரல்கள்’ வாழ்வதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் என்னென்ன தேவை, பாருங்கள்: புதர் முதிர வேண்டும், கிளைகள் மடிய வேண்டும், அவற்றில் முதல் பூஞ்சை குடியேற வேண்டும். இதற்கு நீண்ட காலம் பிடிக்கும். அதனால்தான் பல்லாண்டுகளாகத் தீப்படாத முதிய புதர்களில் இது தென்படுகிறது.

சிக்கல் இங்கேதான். தீக்குப் பிறகு டீ-ட்ரீ விதையிலிருந்து மறுபடி அடர்த்தியாக முளைத்துவிடும். சில ஆண்டுகளில் ‘காடு மீண்டுவிட்டது’ என்று நமக்குத் தோன்றும். பச்சை மீண்டது உண்மை. காய்ந்த கிளைகள் மீளவில்லையே! வீடுகளைக் காக்க முன்கூட்டியே திட்டமிட்டு மூட்டும் தீயைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அடிக்கடி எரியும் இடத்தில் இந்தப் பூஞ்சைக்கு வீடே இருக்காது. விளைநிலத்துக்காகவும் மணல் தோண்டவும் புதர்களை அழித்ததால், எஞ்சியவை சிறு திட்டுகளே. ஒரு திட்டு எரிந்தால், வித்துகள் பறந்து வந்து சேர அருகில் இன்னொரு திட்டு இல்லாமல் போகலாம். உலக அழிநிலைப் பட்டியலில் இது ‘மிக ஆபத்தான நிலை’ப் பிரிவில் உள்ளது.

நாற்றுபோல நட்டு வளர்க்கலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். அதற்கு முதிய மரமும் துணைப் பூஞ்சையும் சேர்ந்தே வேண்டும். ஆகவே இருப்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. தன்னார்வலர்கள் புதருக்குள் தவழ்ந்து சென்று காய்ந்த கிளைகளைத் தேடுகிறார்கள். அப்படித்தான் பிரெஞ்சுத் தீவிலும் இது அகப்பட்டது. இருக்குமிடம் தெரிந்தால்தான், அடுத்த முறை தீ மூட்டும்போது அந்தப் புதரை விட்டுவிடச் சொல்ல முடியும்.