கைதும் தண்டனையும்

நகரத்தில் ஒரு கொலை நிகழ்கிறது. மறுநாட் காலையில் தேநீர்க் கடையிலும், பேருந்திலும், கல்லூரி வாயிலிலும் அதுவே பேச்சாக இருக்கிறது. அத்தகைய பேச்சுகளில் இரண்டு குரல்களை நான் தொடர்ந்து கேட்டு வருகிறேன். “இப்படிப்பட்டவர்களை வெளியே ஏன் விட்டு வைக்கிறார்கள்? பிடித்து உள்ளே வைக்க வேண்டாமா?” என்பது ஒரு குரல். “குற்றம் மெய்ப்பிக்கப்படாதபோது ஒருவனை எப்படிச் சிறையில் வைப்பது?” என்பது மற்றொன்று. முன்னது அச்சத்தில் பிறந்தது. பின்னது நீதியுணர்வில் பிறந்தது. இரண்டில் எதையும் இகழ்ந்து ஒதுக்குவதற்கில்லை. சென்னை மாநகரத்தை மனத்திற் கொண்டு இந்த விவாதத்தைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் சொற்களைப் பிரித்து அறிய வேண்டும். கைது செய்வது காவலரின் வேலை. குற்றத்தை மெய்ப்பிக்க முயல்வது அரசு வழக்கறிஞரின் வேலை. தண்டிப்பது நீதிமன்றம் ஒன்றற்கே உரிய வேலை. கைது என்பது விசாரணையின் வாயிற்படி. தண்டனையின் முதல் தவணை அன்று. இந்த வேறுபாட்டை மறப்பதனாலேயே நம்மிடையே பாதிக் குழப்பம் விளைகிறது.

நம் அரசியல் அமைப்பின் 22-ஆம் பிரிவு கைதானவனுக்குச் சில உரிமைகளை வழங்குகிறது. ஏன் பிடித்தார்கள் என்பதை அவனுக்குச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள இடம் தர வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் அவனை நிறுத்த வேண்டும். அதன்பின் காவல் நீடிக்குமானால் அது நீதிமன்றத்தின் ஆணையால்தான் நீடிக்கும். கொலை போன்ற கொடுங்குற்றங்களில் 90 நாட்களுக்குள்ளும், ஏனையவற்றில் 60 நாட்களுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை எனில், குற்றஞ்சாட்டப்பட்டவன் ஜாமீன் பெறும் உரிமையுடையவனாகிறான். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் செயலுக்கு வந்த பின்னரும் இந்தக் கால வரையறைகள் நிலைத்துள்ளன. ஆகவே, “பிடித்தார்கள், விட்டுவிட்டார்கள்” என்று நாம் அலுத்துக்கொள்ளும்போது, விட்டது சட்டத்தின் தளர்ச்சியாலா, புலன்விசாரணையின் தாமதத்தாலா என்று கேட்பது பொருத்தமாகும்.

வழக்கு நீதிமன்றத்திற்கு வந்த பிறகும் ஓர் இடர் உண்டு. கண்ணாற் கண்டவர் சாட்சிக் கூண்டில் ஏறி, “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லிவிடுகிறார். அவரைப் ‘பிறழ் சாட்சி’ என்பார்கள். அவரைக் கோழை என்று ஏசுவது எளிது. ஆனால் அவர் குற்றவாளி வாழும் அதே தெருவில் வாழ்கிறார். அதே குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறார். வழக்கு ஆண்டுக்கணக்கில் ஒத்திவைக்கப்படுகிறது; ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாட் கூலியை அவர் இழக்கிறார். சாட்சி பின்வாங்கினால் வழக்கும் சாய்கிறது. குற்றவாளி முன்னிலும் துணிவோடு தெருவுக்குத் திரும்புகிறான்.

இந்த இடரைத் தாண்டிச் செல்லக் காணப்பட்ட குறுக்கு வழியே தடுப்புக்காவல். தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம் இதற்கு வழி செய்கிறது. மக்கள் இதனைக் ‘குண்டர் சட்டம்’ என்பர். கள்ளச்சாராயம் விற்போர், போதைப்பொருள் விற்போர், குண்டர்கள் முதலியோரைக் கருதி எழுந்த இச்சட்டத்தில், பிற்காலத்தில் மணற் கொள்ளையரும் இணையக் குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டனர். சென்னையில் காவல்துறை ஆணையர் இதன்கீழ் உத்தரவு பிறப்பிக்கிறார். காரணங்களை 5 நாட்களுக்குள் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும். அரசின் ஒப்புதலை 12 நாட்களுக்குள் பெற வேண்டும். 3 வாரங்களுக்குள் ஆலோசனைக் குழுவின் முன் கோப்பை வைக்க வேண்டும். குழு இசைந்தால், 12 மாதங்கள் வரை ஒருவனை அடைத்து வைக்கலாம். இங்கே சாட்சி விசாரணை இல்லை; குறுக்கு விசாரணை இல்லை; குழுவின் முன் வழக்கறிஞரைக் கொண்டு வாதாடும் உரிமையும் இல்லை. முன்பு செய்ததற்கான தண்டனை அன்று இது. இனிச் செய்யக்கூடும் என்பதற்கான தடை.

இதை ஆதரிப்போர் கூறுவதாவது: கத்தியோடு திரிபவன் ஜாமீனில் வந்து மீண்டும் வெட்டுகிறான், சாட்சியை மிரட்டுகிறான், தெருவே நடுங்குகிறது, ஓராண்டு அவன் உள்ளே இருந்தால் தெரு மூச்சு விடும். இது பொய்யன்று. மறுப்போர் கூறுவதாவது: ஓராண்டு கழிந்தபின் அவன் வெளியே வருகிறான், வழக்கோ தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. சந்தேகத்தின் பேரில் ஏழை இளைஞன் ஒருவன் சிக்கினால், அவனுக்கு அந்த ஓராண்டைத் திருப்பித் தருவார் எவர்? இதுவும் பொய்யன்று.

நீதிமன்றங்கள் இந்த அதிகாரத்தை அறவே நீக்கிவிடவில்லை. ஆனால் எல்லை வகுத்துள்ளன. ராம் மனோகர் லோகியாவின் வழக்கில் உச்சநீதிமன்றம் மூன்று வட்டங்களைக் கற்பனை செய்து காட்டியது. பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு. அதனுள் பொது அமைதி. அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. அயலார் இருவர் சண்டையிட்டு ஒருவர் மற்றவரைக் குத்தினால் அது முதல் வட்டத்தோடு நிற்கும். ஒருவன் கடைவீதியில் நாட்டு வெடிகுண்டை வீச, கடைகள் அடைபட்டு மக்கள் சிதறி ஓடினால், அது இரண்டாம் வட்டத்தைத் தொடுகிறது. குண்டர் சட்டம் இந்த இரண்டாம் வட்டத்திற்கு உரியது. 2011-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில், சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக்காவலை நாடுவது செல்லாது என்றும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சிலப்பதிகாரத்தை இங்கு நினைக்கிறேன். மதுரை மாநகரில் அரசியின் சிலம்பு காணாமற் போயிற்று. பொற்கொல்லனின் சொல்லை நம்பி, பாண்டியன் கோவலனை விசாரியாமல் கொல்லச் செய்தான். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோதுதான், அதனுள் இருந்தது அரசியின் சிலம்பிலுள்ள முத்தன்று, மாணிக்கம் என்று புலப்பட்டது. சான்று வந்தது, ஆனால் தண்டனைக்குப் பின்னர் வந்தது. சான்றைக் கேளாத விரைவு, உண்மைத் திருடனைத் தப்பவிட்டு நிரபராதியைக் கொன்றது என்பதே நாம் அதிற் கற்கும் பாடம்.

ஆகவே, நகரத்தின் அச்சத்தைத் தீர்ப்பது கைதின் எண்ணிக்கையன்று. மெய்ப்பிக்கப்பட்ட வழக்கின் எண்ணிக்கையே என்பது என் கருத்து. அதற்குத் தேர்ந்த புலன்விசாரணை வேண்டும். விரைந்த விசாரணை வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாகச் சாட்சிக்குக் காப்பு வேண்டும். 2018-இல் உச்சநீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை ஏற்று, அதை நாடெங்கும் பின்பற்றப் பணித்தது. மிரட்டலுக்கு உள்ளாகும் சாட்சிக்குக் காவலளிக்கவும், அவர் அடையாளத்தை மறைக்கவும், வேண்டுமானால் இருப்பிடத்தை மாற்றவும் அது இடந்தருகிறது. காகிதத்திலுள்ள அந்தத் திட்டம் தெருவிலுள்ள மனிதனை எட்டினால்தான் அவன் நா எழும்.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை “அவனை ஏன் பிடிக்கவில்லை?” என்ற குரல் எழும்போது, “கண்டவர் யார்? அவர் சொல்ல வருவாரா? சொன்னால் அவரைக் காப்பவர் யார்?” என்ற வினாக்களையும் சேர்த்துக் கேளுங்கள். நாளை உங்களுள் ஒருவர் காவல் அதிகாரியாகலாம், ஒருவர் வழக்கறிஞராகலாம், ஒருவர் நீதிபதியாகலாம். ஆனால் கண்முன் நிகழும் குற்றத்திற்குச் சாட்சியாகும் நிலைமை எவருக்கும் நேரலாம். அன்று நீங்கள் உண்மையை உரைப்பீர்களானால், குறுக்கு வழிக்குத் தேவை அந்த அளவுக்குக் குறையும்.