நிணநீர்ப் புற்றுநோயில் நோயெதிர்ப்பு உயிரணுக்கள்

நிணநீர்ப் புற்றுநோய் அல்லது லிம்போமா என்பது நிணநீர் உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாகும் புற்றுநோய்களின் தொகுதியாகும். இக்கட்டிகளில் புற்றணுக்களுடன் டி உயிரணுக்கள், பெருவிழுங்கிகள் போன்ற நோயெதிர்ப்பு உயிரணுக்களும் கலந்திருக்கின்றன. நோய் எப்படிப் போகும் என்பதை இவையும் ஓரளவு முன்னறிவிக்கின்றன.

ஹாட்ஜ்கின் லிம்போமாவில் இது நன்கு தெரியும். இதன் புற்றணுவான ரீடு-ஸ்டெர்ன்பெர்க் உயிரணு பெரும்பாலும் கட்டியில் நூற்றில் ஒரு பங்குதான். மீதி, அது வரவழைத்த கூட்டம். வந்தவை அதைத் தாக்குவதில்லை. புற்றணு தன் மேற்பரப்பிலுள்ள பிடி-எல்1 புரதத்தால் டி உயிரணுவின் பிடி-1 ஏற்பியைப் பற்றி அதைச் செயலிழக்கச் செய்கிறது. இப்பிடியை விடுவிக்கும் நிவோலுமேப் மருந்துக்கு, மீண்டும் தலைதூக்கிய ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்காக 2016இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

2010இல் ஸ்டைடல் குழுவினர், சிடி68 சாயமேற்றிக் கணக்கிட்ட பெருவிழுங்கிகள் மிகுந்த நோயாளிகளுக்கு நோய்ப்போக்கு மோசமாக இருந்ததைக் காட்டினர். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒரே மாதிரி உறுதிப்படுத்தவில்லை; எனவே அன்றாட மருத்துவத்தில் இம்முறை நிலைபெறவில்லை. நுண்ணறை லிம்போமாவில் சிக்கல் இன்னும் சுவையானது. முன்பு கெட்ட அறிகுறியாக இருந்த பெருவிழுங்கி மிகுதி, ரிடக்சிமேப் சேர்ந்த சிகிச்சையில் சில ஆய்வுகளில் நல்ல அறிகுறியானது. அம்மருந்து ஒட்டிய புற்றணுக்களைப் பெருவிழுங்கிகளே விழுங்குவது இதற்கொரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆக, எண்ணிக்கையைச் சிகிச்சையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ ஒருவருக்குக் கழுத்தில் நெறிகட்டினால் முதலில் காசநோயைத்தான் நினைப்பார்கள். அது இங்கு பரவலாக இருப்பதால் நினைப்பதில் தவறில்லை. சோதிக்காமலே காசநோய் மாத்திரை தொடங்குவதுதான் ஆபத்து. மெல்லிய ஊசியால் உறிஞ்சும் பரிசோதனையில் உயிரணுக்கள் உதிரியாகத்தான் வரும். எது எதைச் சூழ்ந்திருந்தது என்பது தெரியாது. லிம்போமா ஐயம் இருந்தால் முடிந்தவரை கணுவை முழுதாக எடுத்துத் திசு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி இப்பகுதியினருக்கு எட்டும் தொலைவில் உள்ளது; 1954இல் நிறுவப்பட்ட அடையாறு புற்றுநோய் மையம் சென்னையில் இருக்கிறது.

முற்றிய ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கு 1998இல் வகுத்த பன்னாட்டு முன்கணிப்பு மதிப்பெண்ணின் ஏழு கூறுகளில் ஒன்று, இரத்தத்தில் நிணநீர் உயிரணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 600க்குக் கீழ் அல்லது வெள்ளையணுக்களில் 8 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பது. அதை அறியச் சாதாரண இரத்தப் பரிசோதனையே போதும்.