எண்ணெய்ப் பனையும் வெப்பமண்டலக் காடுகளும்

சமையலுக்கும், சவர்க்காரம், பிஸ்கோத்து முதலிய பண்டங்களின் உற்பத்திக்கும் இந்தியாவில் பாமாயில் பெருமளவில் பயன்படுகிறது. உலகில் இவ்வெண்ணெயை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியாவே. அதன் பெரும் பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. ஆகவே, அது எத்தகைய நிலத்தில் விளைகிறது, அந்நிலத்தைக் காக்கும் சர்வதேச விதிகள் எவ்வளவு தூரம் பயன் தருகின்றன என்பவை நாமும் அறிய வேண்டியவையாகும்.

மரமும் அதன் பரவலும்

எண்ணெய்ப் பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலுள்ள போகோர் தாவரவியல் பூங்காவில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. சுமத்திராவில் 1911-லும், மலாயாவில் 1917-லும் வாணிபத் தோட்டங்கள் தோன்றின. மலேசியத் தோட்டங்களில் நெடுங்காலம் வேலையாட்களே மகரந்தத்தைத் தூவ வேண்டியிருந்தது. 1981-இல் காமரூனிலிருந்து ஒருவகைக் கூன்வண்டு கொணரப்பட்டபின் அவ்வேலையை வண்டே செய்யலாயிற்று, விளைச்சலும் பெருகிற்று. இன்று உலகப் பாமாயிலில் 80 சதவிகிதத்துக்கு மேற்பட்டது இவ்விரு நாடுகளிலேயே கிடைக்கிறது.

ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப் பனை ஆண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 டன் எண்ணெய் தரும். அதே பரப்பில் சோயா மொச்சை தருவது ஏறத்தாழ அரை டன்னே. பாமாயிலுக்குப் பதிலாக வேறு எண்ணெய்களை உற்பத்தி செய்ய ஒன்பது மடங்கு வரை நிலம் தேவைப்படலாம் எனச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018-இல் தெரிவித்தது. ஆகவே, பாமாயிலை விலக்குவதால் மட்டும் காடு காப்பாற்றப்பட்டுவிடாது. பனையை எங்கே நடுவது என்பதே உண்மையான வினா.

காடும் பீட் நிலமும்

மிகுந்த மழையும் வெப்பமும் உள்ள தாழ்நிலங்களிலேயே இம்மரம் செழிக்கும். மழைக்காடுகள் வளர்வதும் அங்கேதான். சுமத்திராவிலும் போர்னியோவிலும் ஒராங்குட்டான் குரங்கும் யானையும் வாழ்ந்த காடுகள் பல இவ்வாறு தோட்டங்களாயின.

இவற்றுள் பீட் நிலத்தை மாற்றுவது மிகவும் தீங்கானது. எப்போதும் நீர் தேங்கியுள்ள சதுப்புக் காடுகளில், உதிர்ந்த இலைகளும் கிளைகளும் காற்றுப் படாமையால் முழுவதும் மக்குவதில்லை. அவை பல்லாயிரம் ஆண்டுகளாகப் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்து கிடக்கின்றன, இதுவே பீட். பனை நடுவதற்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்தவுடன் காற்று உட்புகுகிறது. பீட் மக்கிக் கரியமில வாயுவை வெளியிடுகிறது. நிலமும் ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் அமிழ்கிறது. கோடையில் தீப்பற்றினால் அது நிலத்தின் அடியிலேயே கனன்று பரவும். 2015-ஆம் ஆண்டு வறட்சியின்போது இந்தோனேசியாவில் காடும் பீட் நிலமும் பிறவுமாக ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. அப்புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் சூழ்ந்தது.

விதிகளின் வளர்ச்சி

காடுகளைப் பொறுத்து எல்லா நாடுகளையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் தனி உடன்படிக்கை ஏதுமில்லை. 1992-இல் ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் ஏற்கப்பட்ட காட்டுக் கோட்பாடுகள் கட்டாயமற்றவை. இக்குறையை ஓரளவு நிரப்பும்பொருட்டு 2004-இல் தோட்டக்காரர், வணிகர், பண்ட உற்பத்தியாளர், வங்கிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள் ஆகியோர் கூடி, நீடித்த பாமாயிலுக்கான வட்டமேசை அமைப்பை நிறுவினர். 2008-இல் இதன் நற்சான்று பெற்ற எண்ணெய் சந்தைக்கு வந்தது. காட்டை அழித்தலும் பீட் நிலத்தில் புதிதாக நடுதலும் கூடாதென 2018-இல் விதிகள் இறுக்கப்பட்டன. எனினும், உலக உற்பத்தியில் ஐந்திலொரு பங்கு அளவே இச்சான்று பெற்றுள்ளது.

அரசாங்கங்களும் வாளாவிருக்கவில்லை. முதனிலைக் காடுகளிலும் பீட் நிலங்களிலும் புதிய உரிமங்கள் வழங்குவதை இந்தோனேசியா 2011-இல் நிறுத்தி வைத்து, 2019-இல் அதனை நிரந்தரமாக்கியது. மலேசியா தன் தேசிய நற்சான்று முறையை 2020-இல் கட்டாயமாக்கியது. 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த பொருளை விற்கலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் செய்தது. ஆயினும் அது நடைமுறைக்கு வரும் நாள் ஒத்திவைக்கப்பட்டது.

ஆலை வாயிலில் உள்ள சிக்கல்

அறுத்த குலைகளை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் ஆலையில் நீராவியில் வேகவைக்க வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் மிகுந்து தரம் குன்றும். ஆதலால் ஒவ்வோர் ஆலையும் தன்னைச் சுற்றியுள்ள தோட்டங்களின் குலைகளையே வாங்குகிறது. இந்தோனேசியாவின் பனைப் பரப்பில் ஏறத்தாழ 40 சதவிகிதம் சிறு விவசாயிகளுடையது. அவர்களுடைய குலைகள் தரகர் கைமாறி ஆலைக்கு வருகையில், பழைய தோட்டத்துக் குலையும் புதிதாக அழித்த காட்டின் குலையும் ஒன்றாகக் கலந்துவிடக்கூடும். பின்னர் எந்த எண்ணெய் எந்நிலத்தது என்று எந்தச் சோதனைச்சாலையும் எளிதில் பிரித்துக் கூற இயலாது. நிலத்தின் எல்லையைக் குறித்த பதிவேடு ஒன்றே சான்றாகும். நிலப் பத்திரமும் தணிக்கைச் செலவுக்குப் பணமும் இல்லாத சிறு விவசாயி இம்முறைக்கு வெளியே நின்றுவிடுகிறார்.

இந்தோனேசியத் தோட்டங்களைச் செயற்கைக்கோள் படங்களால் ஆராய்ந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, நற்சான்று காடழிவை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்ததெனக் கண்டது. ஆனால், சான்று பெற்ற தோட்டங்கள் பலவற்றில் எஞ்சியிருந்த காடு முன்னரே சொற்பமாயிருந்தது என்பதையும் அது சுட்டியது. விதி நல்லதே, காடு எஞ்சியுள்ள இடத்தை அது இன்னும் போதிய அளவு எட்டவில்லை.

இந்தியாவின் பங்கு

நற்சான்று பெற்ற எண்ணெய்க்குச் சற்றுக் கூடுதல் விலை உண்டு. வாங்குவோர் போதாமையால் அதில் ஒரு பகுதி சாதாரண எண்ணெயாகவே விற்கப்படுகிறது. விலையை மட்டும் நோக்கும் பெரிய சந்தைகள் சான்றைக் கேட்கும் நாளில்தான் இவ்விதிகள் முழு வலிமை பெறும்.

இறக்குமதியைக் குறைக்க 2021-இல் ரூ. 11,040 கோடி மதிப்பீட்டில் எண்ணெய்ப் பனைக்கான தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமான் தீவுகளுக்கும் அதில் தனிக் கவனம் அளிக்கப்பட்டது. மிஜோரமில் நடத்தி 2016-இல் வெளியிட்ட பறவை ஆய்வு இங்கு நினைவு கூரத்தக்கது: மலைச்சரிவில் ஆண்டுக்காண்டு இடம் மாற்றிப் பயிரிடும் ஜூம் நிலங்களில் வாழும் காட்டுப் பறவைகள், எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் காணப்பட்டவற்றைவிட மிகுதி.

ஆகவே, கன்று வழங்குமுன் விரிவாக்கப் பணியாளர் மூன்றினை உறுதி செய்து கொள்ளுதல் நலம்: நிலம் முன்பே பயிரிடப்பட்டதா, கோடையிலும் பாசனத்துக்கு நீர் உண்டா, அறுத்த குலை ஒரே நாளில் ஆலையைச் சேருமா. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பெரும்பாலும் பாசன வசதியுள்ள பழைய விளைநிலங்களிலேயே இம்மரம் நடப்பட்டுள்ளது. ஆசிரியர்கள், வீட்டிலுள்ள எண்ணெய்ப் பொட்டலத்தையும் பிஸ்கோத்து உறையையும் கொண்டு வரச்செய்து, அவற்றில் பாமாயில் உளதா, அது விளைந்த இடம் குறிக்கப்பட்டுள்ளதா என மாணவர்களைக் கொண்டே ஆராயச் செய்யலாம். இடத்தின் பெயர் உறையில் இல்லாதிருப்பதே, ஆலை வாயிலில் மறையும் செய்தி எது என்பதை மாணவர்களுக்கு உணர்த்திவிடும்.